பாஸ் எழுதியவனின் பன்னிரண்டு நாள்

துறைமுக வாசலில் பாஸ் எழுதுகிற கிராணிக்கு வேலை நாற்காலியில்தான், ஆனால் அவன் எழுதித் தராமல் எவர் காலும் அந்த வாசலைத் தாண்டாது. குமாஸ்தாவை இந்த ஊரில் கிராணி என்பார்கள். தஞ்சோங் பகாரில் அந்த நாற்காலியை நான் பல வருஷம் தேய்த்தேன். ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து வயிறு வளர்க்கிற அன்பர்களுக்கு நம் பாடு தெரியும். வெளியே நிற்பவன் நம்மைக் கல்நெஞ்சன் என்பான், உள்ளே இருக்கிற துரை நம்மை இளிச்சவாயன் என்பார். இரண்டையும் ஒரே நாளில் கேட்டுக்கொண்டு வீடு திரும்ப வேண்டும்.

நம் ஜனங்களுக்கு இங்கிலீஷில் ஒரே ஒரு சொல்தான் தெரியும் என்றால் அது பாஸ்தான். உள்ளே போகிற சீட்டும் பாஸ், வெளியே வருகிற சீட்டும் பாஸ். டாக்டர் நாக்கைப் பார்த்துத் தலையசைத்தால் பாஸ். பரீட்சையில் தேறினால் பாஸ். நாடகக் கொட்டகைக்கு ஓசியில் போனால் பாஸ். சாமி ஊர்வலத்தில் மேளம் அடிக்கப் போலீஸ் கொடுப்பது பாஸ். செல்லாத காசு கடைக்காரர் கண்ணில் படாமல் கை மாறினால் அதுவும் பாஸ் ஆகிவிட்டது என்பார்கள். ஒருவர் காலமானாலும் துரைமார் இந்தச் சொல்லையே கொஞ்சம் நீட்டிச் சொல்வார்கள். அந்தக் கடைசி அர்த்தத்தை நினைக்கவே பயந்து நான் கழித்த பன்னிரண்டு நாளைப் பற்றித்தான் இங்கே சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். யார் பாஸ் கேட்டு வந்தாலும் தலையை நிமிர்த்தாமல் "நாளைக்கு வா" என்று சொல்லும் பழக்கம் எனக்கு இருந்தது. அவசரம் இல்லாதவன் நாளைக்கு வருவான், அவசரம் உள்ளவன் அங்கேயே நிற்பான், நிற்பவனுக்கு மட்டும் எழுதினால் போதும் என்பது என் கணக்கு. நான் ஜன்னலுக்கு வெளியே நின்றதில்லை. அதனால் அது கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்திருந்தேன்.

மஞ்சள் கொடி

நாகப்பட்டினத்திலிருந்து என் மனைவி சொர்ணம் வருகிற கப்பல் அன்று காலை கண்ணுக்குத் தெரிந்தது. நான் ஊரை விட்டுக் கிளம்பும்போது அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. பிறந்த பெண்ணுக்கு மூன்று வயது தாண்டிவிட்டது, நான் இன்னும் முகம் பார்க்கவில்லை. சலவைக் கோட்டு போட்டு, தலைப்பாகையை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டி, ஜன்னலை மூடிவிட்டுப் படகுத்துறைக்கு ஓடினேன். கப்பல் உள்ளே வரவில்லை. கொடிமரத்தில் மஞ்சள் கொடி ஏறியது. கப்பலில் தொற்றுநோய் என்று அதற்குப் பொருள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது திரும்பி, நோய் கண்ட கப்பல்காரர்களை ஒதுக்கி வைக்கும் கோரண்டைன் தீவுப் பக்கம் போய்விட்டது.

தீவுக்கு டாக்டரையும் அரிசி மூட்டையையும் கொண்டுபோகும் நீராவிப் படகுக்குச் செராங்கு, அதாவது படகை ஓட்டும் தலைவர், நாகூர்க்காரர் சுல்தான். எனக்கு நல்ல சிநேகிதர். சாயங்காலம் அவர் திரும்பி வரும்வரை துறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். அவர் வந்து படகைக் கட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். கப்பலில் ஒரு பிள்ளைக்கு அம்மை. நாகப்பட்டினத்துப் பெண் குழந்தை, மூன்று வயசு இருக்கும் என்று டாக்டர் கம்பவுண்டரிடம் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. பெயர் தெரியாது. தீவில் இறங்க அவருக்கும் உத்தரவில்லை, மூட்டையைத் துறைப்பாலத்தில் வைத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். "எம் பொண்ணான்னு மட்டும் எப்படியாவது கேட்டுச் சொல்லுங்க பாய்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் கையை விடுவித்துக்கொள்ளாமல் சொன்னார்: "பன்னெண்டு நாள் ஆவணும் கிராணியாரே. டாக்டர் பாஸ் பண்ணாம அங்கேருந்து ஒரு கொசு கூட வெளிய வராது."

எனக்கு நானே எழுதிக்கொண்டது

மறுநாள் காலை ஜன்னலுக்கு வெளியே இருபது பேர் நின்றார்கள். நான் முதல் சீட்டை எனக்கே எழுதினேன். இன்னார், இன்ன வேலையாக, கோரண்டைன் தீவுக்குப் போய் வரலாம் என்று அழகாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினேன். நாள் முழுக்க மற்றவர்களுக்கு எழுதித் தருகிறவன் தனக்கு ஒன்று எழுதிக்கொண்டால் என்ன என்று தோன்றியது. மூளை சரியாக இருந்த நேரம் அல்ல அது.

சீட்டை எடுத்துக்கொண்டு படகில் ஏறப் போனேன். சுல்தான் அதை வாங்கினார். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, ஆனால் முத்திரையைப் பார்த்தாலே எந்த வாசலுடையது என்று சொல்லிவிடுவார். கேலி செய்யவில்லை. சீட்டை நாலாக மடித்து என் கோட்டுப் பையிலேயே திருப்பி வைத்தார். படகில் உட்கார்ந்திருந்த டாக்டரிடம் குழந்தையின் பெயர் கேட்க வாயெடுத்தேன், அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"உங்க வாசல்ல நீங்க ராஜா" என்றார் சுல்தான். "கடலுக்கு ஏதுங்க வாசல்?"

மாணிக்கத்தின் மாடு

சிராங்கூன் ரோட்டு மாட்டுப்பட்டியிலிருந்து தினமும் சரக்கு ஏற்ற வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர் மாணிக்கம். வண்டிக்கு மாதப் பாஸ் உண்டு. அதில் வண்டி நம்பரோடு மாட்டின் நிறத்தையும் எழுதுவது எங்கள் வாசல் வழக்கம். வாசல் காக்கும் சீக்கிய ஜாகா எழுத்தை நம்ப மாட்டார், மாட்டைத்தான் நம்புவார். யாராவது வாசித்துச் சொன்ன நிறத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மாதம் முழுக்கச் சரிபார்ப்பார். நாலாம் நாள் மாணிக்கத்தின் வெள்ளை மாடு காலில் ஆணி ஏறிப் படுத்துவிட்டது. மைத்துனரின் செவலை மாட்டைப் பூட்டிக்கொண்டு வந்தார். ஜாகா மறித்துவிட்டார்.

மாணிக்கம் என் ஜன்னலுக்கு வந்து நிறத்தை மாற்றி எழுதித் தரச் சொன்னார். இரண்டு வரி வேலை. நான் தீவு இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நாளைக்கு வா" என்றேன். அவர் திரும்பிப் போனார். கால் மணி நேரத்தில் வாசலில் ஒரே சிரிப்பு. எட்டிப் பார்த்தால், செவலை மாடு கொம்பு முதல் வால் வரை விபூதி பூசிக்கொண்டு வெள்ளை வெளேரென்று நிற்கிறது. ஜாகா அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார். வெள்ளை என்று ஒத்துக்கொள்ள மனசில்லை, இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. மாடு ஒரு தும்மல் தும்மியது. அதோடு பாதி நிறம் ஜாகாவின் தாடியில் போய் ஒட்டிக்கொண்டது.

சிரிப்பதற்குப் பதில் எனக்கு எரிச்சல் வந்தது. போய்க் கத்தினேன். மாணிக்கம் நிதானமாகச் சொன்னார்: "சாமியே பாஸ் பண்ணிடுச்சு. ஒங்க பேனாவுக்குத்தான் இன்னும் மனசு வரல."

கடுகு வெடிக்காத வீடு

அம்மை வந்த வீட்டில் என்னென்ன செய்யக்கூடாது என்று நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தாளிக்கக் கூடாது, எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கூடாது, மீனும் கறியும் கூடாது, வீட்டு ஆண் சவரம் செய்யக் கூடாது. ஆத்தா இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அப்படித்தான். அம்மை என் பெண்ணுக்கா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தெரியாததனாலேயே எதையும் மீறப் பயமாக இருந்தது. நான் இங்கே ஒரு கடுகைத் தாளித்து, அங்கே அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால்? துரைமாரோடு பழகி, நாலு புத்தகம் படித்தவன்தான் நான். ஆனாலும் அந்தக் கடுகை எண்ணெயில் போடக் கை வரவில்லை.

என் அறைத் தோழன் பெருமாள் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கான பரீட்சையை மூன்று தடவை எழுதித் தோற்றவன். சிராங்கூன் ரோட்டில் ஒரே அறையில் இருவரும் பொங்கித் தின்றுகொண்டிருந்தோம். நான் சொன்னதும் அவனும் மறுப்பில்லாமல் பத்தியத்துக்கு வந்துவிட்டான். ஏழாம் நாள் பரீட்சை முடிவு வந்தது. நாலாவது தடவையில் பாஸ். அறை வாசலில் நின்று கத்தினான், தெருவே திரும்பிப் பார்த்தது. நான் எழுந்து அவன் கையைக் குலுக்கினேன். அப்புறம் இருவரும் உட்கார்ந்து, அன்றும் தாளிக்காத பருப்பைச் சோற்றில் விட்டுப் பிசைந்தோம்.

பாதிச் சோற்றில் பெருமாள் நிமிர்ந்தான். கண்ணில் சிரிப்பும் இருந்தது, தண்ணீரும் இருந்தது. "நாலு வருசமா இந்த ஒரு சேதிக்குக் காத்துக்கிடந்தேன். பாஸ் ஆன வீட்டுல ஒரு கடுகு வெடிக்கக் கூடாதாடா?"

துரையின் கேள்வி

என் தாடி எட்டு நாளில் முள்ளாக எழுந்து நின்றது. எங்கள் துரை தினமும் காலையில் என் ஜன்னலுக்கு வந்து முந்திய நாள் சீட்டுகளின் அடிக்கட்டைகளைப் புரட்டிப் பார்ப்பார். காலர் கசங்காமல், ஷூ மின்ன வருகிற மனிதர். முதல் நாலு நாள் தாடியைக் காணாதவர்போல இருந்தார். அப்புறம் அடிக்கட்டையைப் பார்ப்பதை விட்டு என் தாடையைப் பார்க்க ஆரம்பித்தார்.

வீட்டில் சுகமில்லை என்று சொன்னேன். தாடிக்கும் சுகக்கேட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல என்னிடம் இங்கிலீஷ் இல்லை. பயணிகள் பட்டியலில் என் மனைவி பெயருக்குப் பக்கத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டேன். பாஸ் ஆகி இறங்குகிற அன்றுதான் பட்டியல் கைக்கு வரும் என்றார். போகும்போது திரும்பி நின்று, இங்கிலீஷில் அவர் கேட்டதை அப்படியே தமிழில் தருகிறேன்.

"கிராணி, இந்த முகத்துக்குப் பாஸ் எழுதி உள்ளே விட்டது யார்?"

ஓசிப் பாஸ்

ஊரிலிருந்து வந்திருந்த நாடகக் கம்பெனிக்காரர்கள் எங்கள் வாசலைச் சேர்ந்த எல்லாருக்கும் ஓசிப் பாஸ் கொடுத்திருந்தார்கள். அவர்களுடைய திரைச்சீலைப் பெட்டிகளைத் தாமதமில்லாமல் வெளியே விட்டதற்கு நன்றி. பத்தாம் நாள் சாயங்காலம், அறையிலேயே கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று பெருமாள் என்னைத் தள்ளிக்கொண்டு போனான். முன்வரிசை கிடைத்தது. முதல் அரை மணி நேரம் மேடையில் யார் பாடினார்கள், என்ன பாடினார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தீவில் இந்நேரம் விளக்கு ஏற்றியிருப்பார்களா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு ராணி, நோயாய்க் கிடக்கும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பாட ஆரம்பித்தாள். பிள்ளையாக நடித்தது ஒரு துணி மூட்டை. எனக்கு அது துணி மூட்டையாகத் தெரியவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு, நாலு பேர் காலை மிதித்து, வாசலுக்கு வந்தேன். வாசலில் நின்றவர் மீசைக்காரர், பொறுமைசாலி. வெளியே போனால் பாஸ் செல்லாது, திரும்ப விட மாட்டேன் என்று விளக்கினார். திரும்பி வருவதாக இல்லை என்றேன். என் கண்ணைப் பார்த்தார்.

"அழுகை வந்தா உள்ளயே அழுங்க சார்" என்றார். "காசு குடுத்து வந்தவங்களே உக்காந்து அழுவுறாங்க, நீங்க ஓசிப் பாஸு."

பாஸ் தடா

பன்னிரண்டாம் நாள் நோய் இல்லாதவர்களை எல்லாம் இறக்குவார்கள் என்று சுல்தான் சொல்லியிருந்தார். அதில் சொர்ணம் இருக்கிறாளா என்பது அவருக்குத் தெரியாது. நோய் கண்ட பிள்ளையும் அதன் தாயும் மட்டும் வர முடியாது என்பது தெரியும். அதனால் எனக்குக் கணக்கு எளிது. இந்தப் படகில் அவர்கள் இருந்தால் அம்மை என் பெண்ணுக்கு இல்லை. இல்லாவிட்டால் என் பெண்ணுக்குத்தான். காலையில் யார் வந்து என்ன கேட்டாலும் "நாளைக்கு வா" என்றுகூடச் சொல்ல வாய் வரவில்லை. ஜன்னலை மூடிவிட்டு வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

படகு வந்தது. முதலில் ஆண்கள் இறங்கினார்கள், எல்லாரும் புதிதாகச் சவரம் செய்த மழமழ முகம். அப்புறம் பெண்கள், ஒவ்வொருவராக. ஏழு பேரை எண்ணினேன். எட்டாவது ஆள் தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாகப் பலகையில் கால் வைத்தாள். நாலு வருஷத்தில் கறுத்து இளைத்திருந்தாள், ஆனால் அந்த நடை சொர்ணத்தின் நடை. நேராக என் எதிரே வந்தாள், என்னைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு யாரையோ தேடினாள். "சொர்ணம்" என்று கூப்பிட்டேன். குரலைக் கேட்டுத்தான் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. "ஐயோ, என்னங்க இது கோலம்!" என்று மூட்டையைக் கீழே போட்டாள்.

அவள் வாசலைத் தாண்டக் காலை எடுத்தபோது ஜாகாவின் தடி குறுக்கே வந்தது. தினமும் என்னோடு தேநீர் குடிக்கிற மனிதர். அவர் செய்தது சரிதான். கப்பலிலிருந்து இறங்குகிற யாரும் என் ஜன்னல் சீட்டு இல்லாமல் வெளியே போக முடியாது. பன்னிரண்டு நாளாக இந்த ஒரு நிமிஷத்தையே நினைத்துக்கொண்டிருந்தவன், இந்த இரண்டு பேருக்கும் சீட்டு எழுத மறந்துவிட்டேன். ஓடிப்போய் ஜன்னலைத் திறந்து பேனாவை எடுத்தேன். குழந்தை பெயர் என்கிற இடத்தில், கடிதங்களில் வாசித்து மட்டுமே பழகிய செல்லம்மாள் என்ற பெயரை முதல் தடவையாக என் கையால் எழுதினேன். மை சிந்தியது. வேறு சீட்டு எடுத்தேன். அதிலும் சிந்தியது.

ஜாகா தடியை விலக்காமலே, மலாயும் தமிழும் கலந்து, ‘இல்லை’ என்பதற்கு மலாயின் ‘தடா’வைப் போட்டு, வருத்தத்தோடு என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: "கிராணி, பிள்ளே நல்ல பிள்ளே. ஆனா பாஸ் தடா. பாஸ் தடா."

கடைசி டாக்டர்

மை சிந்திய சீட்டையே கொடுத்து அவர்களை வெளியே அழைத்து வந்தேன். இரண்டு கையையும் நீட்டி, "வாடா கண்ணு" என்றேன். செல்லம்மாள் வீறிட்டு அழுது, தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அழுகைக்கு நடுவில் தெளிவாகக் கேட்டாள்: "யம்மா, இவரு பாஸ் ஆயிட்டாரா?" எனக்கு விளங்கவில்லை. சொர்ணம்தான் சொன்னாள். தீவில் நாவிதர் ஒரே ஒருவர். டாக்டர் பாஸ் பண்ணிய ஆண்களுக்குத்தான் சவரம், அப்புறம் மருந்துத் தண்ணீரில் குளியல். தாடியோடு இருப்பவன் இன்னும் பாஸ் ஆகாதவன் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். "தாடிக்காரங்க கிட்டப் போவாத, தொடாதன்னு தெனமும் அடிச்சு அடிச்சுச் சொன்னது நான்தாங்க. பக்கத்துப் பாயில படுத்த பிள்ளைக்குத்தான் ஆத்தா வந்துருந்துச்சு. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு" என்றாள். அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். முந்தின நாள்தான் தலைக்கு முதல் தண்ணீர் ஊற்றினார்களாம், கஞ்சி குடிக்கிறதாம். யாரோ பெற்ற பிள்ளைக்காக என் வீட்டில் கடுகு வெடிக்காமல் இருந்திருக்கிறது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் என் பெண்ணுக்காக வளர்த்த தாடியைப் பார்த்து என் பெண்ணே அலறியது நெஞ்சில் தைத்தது.

வாசலுக்கு எதிரே மரத்தடியில் ஒரு நாவிதர் உட்கார்ந்திருப்பார். அங்கேயே தலையைக் கொடுத்தேன். சொர்ணமும் பெண்ணும் மூட்டைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆளை விட்டு நாலு வாளி தண்ணீர் கொண்டுவரச் செய்து தலையிலும் ஊற்றிக்கொண்டேன். ஈரம் சொட்டச் சொட்ட அவள் முன்னால் மண்டியிட்டேன். செல்லம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் தாயின் மடியிலிருந்து இறங்கி, டாக்டரைப் போலவே நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "நாக்க நீட்டு" என்றாள். நீட்டினேன். "கையக் காட்டு." காட்டினேன். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள், கண் இமையை ஒரு விரலால் இழுத்துப் பார்த்தாள். அந்தச் சின்ன விரல் கண்ணில் பட்டபோது, அவள் சூடு இல்லாமல் சுகமாக இருக்கிறாள் என்று முதல் தடவையாக என் உடம்புக்குத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைக் கண்டு சந்தேகப்பட்டாளோ என்னவோ, கையை எடுத்துக்கொண்டு, இரண்டடி பின்னால் போய், தலையை நிமிர்த்தாமல் தீர்ப்பு சொன்னாள்.

"நாளைக்கு வா."

ஊருக்கெல்லாம் உட்கார்ந்த இடத்தில் பாஸ் எழுதிய எனக்கு, என் வீட்டில் பாஸ் கிடைக்க மூன்று நாள் ஆயிற்று, அதுவும் தினமும் ஒழுங்காகச் சவரம் செய்து நாக்கை நீட்டிய பிறகு.